திற, ஹாஜி

ஜன்னலைத் திறக்க வேண்டாம், ஐயா. கடல் காற்று என் தொண்டைக்கு ஆகாது. அலெக்சாந்திரியாவிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குக் கடல் காற்று ஆகாதா என்று கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஜனங்களைச் சிரிக்க வைத்தே வயிறு வளர்த்தவன் நான்.

தேநீருக்கு நன்றி. வக்கீல் வேண்டுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். வேண்டாம். வக்கீல் வந்தால் நான் பேச வேண்டியதை எல்லாம் அவர் பேசுவார். என் வசனத்தை இன்னொருவர் பேசி எனக்குப் பழக்கமில்லை. உங்கள் எழுத்தர் மட்டும் கொஞ்சம் மெதுவாக எழுதுகிறார் போலிருக்கிறது. அவருக்காக நிறுத்தி நிதானமாகவே சொல்கிறேன்.

உங்களுக்கு நாற்பது வயது இருக்குமா? அப்படியென்றால் ‘மிளகு வியாபாரியின் பெட்டி’யை அதன் நல்ல காலத்தில் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் அப்பாவைக் கேளுங்கள், வசனத்தையே ஒப்பிப்பார். மம்லூக் சுல்தான்கள் காலத்துக் கெய்ரோவில் நடக்கிற கதை. ஹாஜி என்று ஒரு மிளகு வியாபாரி. அவனுக்கு வாய் நீண்ட ஒரு மனைவி. கடைசிக் காட்சியில் அவளைத் தூக்கி மிளகுப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்வான். அவள் உள்ளிருந்து தட்டுவாள். இவன் மேலிருந்து பதிலுக்குத் தட்டுவான். தர்பூசணி விதை கொறித்துக்கொண்டு சபையிடம் நியாயம் கேட்பான். ஜனங்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்த பிறகு யாராவது ஒருவர் “திற, ஹாஜி” என்று குரல் கொடுப்பார். பிறகு பால்கனி. பிறகு கொட்டகை முழுவதும். அப்போது ஹாஜி பெருமூச்சு விட்டு எழுந்து மூடியைத் தூக்குவான். அவள் தலை கலைந்து வெளியே வந்து, “உங்க இஷ்டம், எஜமான்” என்பாள். திரை விழும்.

சபை கேட்டால்தான் ஹாஜி திறப்பான். கேட்காமல் திறந்தால் காட்சி செத்துவிடும். இது அந்த நாடகத்தின் முறை, நான் ஏற்படுத்தியதில்லை.

எங்கள் மேடைக்குப் பொதுவாக இன்னொரு முறையும் உண்டு. சிரிப்பு வந்துகொண்டிருக்கும்வரை உஸ்தாத் என்று நாங்கள் கூப்பிடும் முக்கிய நடிகர், எழுதி வைத்த வசனத்தை விட்டுவிட்டுத் தன் இஷ்டத்துக்குப் போகலாம். கோடைக் கொட்டகைக்கு ஜனங்கள் டிக்கெட் வாங்குவதே அதற்காகத்தான். அவர் அப்படிப் போகும்போது கூட நடிப்பவர்கள் குறுக்கே வரக் கூடாது. திரை இழுப்பவன் கயிற்றில் கை வைக்கக் கூடாது. மேடையில் என்ன தப்பு நடந்தாலும், ‘உஸ்தாத் ஏதோ புதுசா பண்றார்’ என்று காத்திருக்க வேண்டும். இது தெரியாத ஒருவர்கூட எங்கள் குழுவில் கிடையாது.

பதினைந்து வருஷம் ஹாஜியாக நடித்தேன். மனைவியாக நடித்தவள் இனாயத். வீட்டிலும் அவள்தான் என் மனைவி. பிறகு காலம் மாறியது. பெண்ணைப் பெட்டிக்குள் போட்டுச் சிரிப்பது என்ன நாகரிகம் என்று பத்திரிகையில் எழுதினார்கள். கொட்டகை வாசலில் பெண்கள் அட்டை பிடித்து நின்றார்கள். நான் அவர்களுக்கு எலுமிச்சைச் சாறு வாங்கிக் கொடுத்தனுப்பினேன்; குடிக்கவில்லை. ஐயா, அது ஒரு நகைச்சுவை நாடகம். நகைச்சுவையில் யாருக்கும் எதுவும் ஆகாது. பெட்டி திறக்கும், அவள் வெளியே வருவாள். இவ்வளவு எளிய விஷயம் படித்தவர்கள் தலையில் ஏறவே இல்லை. நாடகத்தை மூட்டை கட்டி வைத்தார்கள். அதே வருஷம் இனாயத்தும் விவாகரத்து வாங்கிக்கொண்டு ரஷீத் ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு ரமலான் மாதத்தில் தொலைக்காட்சியில் நெய் விளம்பரத்துக்கு வருவேன். அந்தச் சிரிக்கிற கிழவன் நான்தான்.

ஷாஹிந்தா என் வீட்டுக்கு வந்தபோது ஒரு பெட்டி நிறைய பஸ்பூஸா இனிப்பு வாங்கி வந்தாள். கெய்ரோவில் நாடகம் படித்தவள், துடிப்பான பெண். உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

“உஸ்தாத், மிளகு வியாபாரியை நான் மறுபடி மேடையேத்தப் போறேன். ஹாஜி நீங்கதான், உங்களை விட்டா ஆளே இல்ல. பொண்டாட்டி நானே பண்றேன். ஆனா மம்லூக் காலம் வேண்டாம்.”

“வேற எந்தக் காலம்? டைனோசர் காலமா?”

“ரெண்டாம் உலக யுத்த காலம். இதே ஊர். அலமெய்ன் பக்கம் பீரங்கி வெடிச்சுக்கிட்டு இருக்கு. விமானத்துக்கு வெளிச்சம் தெரியாம ஜன்னல் கண்ணாடிக்கு எல்லாம் நீலச் சாயம் பூசிட்டு ஜனங்க இருட்டுல உக்காந்திருக்காங்க. உங்க ஹாஜி மிளகு விக்கல. சக்கரையும் இறைச்சியும் பதுக்கி வெச்சுக் கொள்ளை விலைக்கு விக்கறான்.”

நல்ல யோசனை. நல்லதை நல்லது என்று சொல்வதில் எனக்கு வஞ்சனை கிடையாது. பழைய சரக்கைப் புதுக் காலத்தில் வைத்ததும் அதற்கு உயிர் வந்துவிட்டது. அன்றைக்கே ஒப்புக்கொண்டேன். அவள் போன பிறகு பஸ்பூஸா முழுவதையும் நானே தின்றேன். அவ்வளவு சந்தோஷம்.

மிளகுப் பெட்டிக்குப் பதிலாக ஐஸ் பெட்டி. அன்ஃபூஷியில் பூட்டிக் கிடந்த ஒரு மீன் கடையிலிருந்து யுத்த காலத்து அசல் பெட்டியையே தேடிப் பிடித்துக் கொண்டுவந்தாள். வெளியே கனமான மரம், உள்ளே துத்தநாகத் தகடு, மேலே தூக்குகிற மூடி. மூடி ஆடிச் சத்தம் போடுகிறது என்று பயூமி அதன் விளிம்பைச் சுற்றிப் புது ரப்பர் வைத்தான். பயூமி எங்கள் மேடைச் சாமான்களைப் பார்த்துக்கொள்பவன், கை சுத்தமான வேலைக்காரன். மூடினால் மெத்தென்று ஒரு ஓசையோடு பதிந்து, வெளியே கொக்கி தானாக விழும். ஐஸ் உருகாமல் இருக்கச் செய்த பெட்டி அல்லவா, உள்ளே காற்றுப் புகாது. அதனால் பின்பக்கம் துளைகள் போடச் சொன்னாள். உள்ளிருந்தே கொக்கியைத் தூக்க ஒரு கைப்பிடியும் வைக்கச் சொன்னாள்.

ஒத்திகையில் அதைப் பார்த்துக் கேட்டேன். “இதெல்லாம் எதுக்கும்மா? பழைய பெட்டில ஒண்ணுமே கிடையாதே. இனாயத் எத்தனை வருஷம் உள்ள உக்காந்தா. ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல.”

“இனாயத் அம்மாவைப் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன், உஸ்தாத்,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “வீட்டுல சண்டை நடந்த அன்னிக்கெல்லாம் பெட்டிக் காட்சி நீண்டுக்கிட்டே போகும்னு சொன்னாங்க.”

பயூமியின் சுத்தியல் நின்றுவிட்டது. வேலைக்காரனாக நடிக்கிற ஃபிக்ரி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சமாளித்தேன். “எங்க வீட்டுல சண்டை இல்லாத நாள் எது? அப்படின்னா நாடகம் விடியவிடிய நடந்திருக்கணுமே,” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஷாஹிந்தா சிரிக்கவில்லை.

இனாயத் சொன்னது உண்மையா என்று கேட்கிறீர்கள். வருகிறேன், ஐயா. வரிசையாகச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

முடிவையும் அவள் மாற்றியிருந்தாள். ஹாஜி ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும்போது விமானத் தாக்குதலுக்கான சைரன் ஊளையிடும். ஹாஜி பதறிப்போய் மேசைக்கு அடியில் ஒளிவான். அப்போது மூடி உள்ளிருந்து திறக்கும். அவள் நிதானமாக எழுந்து, பதுக்கிய சர்க்கரை மூட்டையை வேலைக்காரன் தலையில் ஏற்றிவிட்டு, மேசைக்குக் கீழே குனிந்து, “சைரன் நின்னதும் வெளிய வாங்க, எஜமான்,” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போவாள். நான் மேசைக்கு அடியில் கிடக்கும்போதே விளக்கு அணையும்.

முதல் நாள் அந்த இடத்தில் வந்த சிரிப்பைப் போல் நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. கொட்டகையே ஆடியது. ஆனால் அது எனக்குப் பழக்கமான சிரிப்பில்லை. பழைய சிரிப்பில் ஜனங்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு சிரிப்பார்கள். இப்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று உங்களுக்குப் புரியாமல் இருக்கலாம். மேசைக்கு அடியில் கிடந்து பார்த்தால் புரியும்.

ஊர் முழுக்க அதே பேச்சு. கடற்கரைச் சாலையில் சோளம் சுடுகிறவன் என்னைக் கண்டதும் சைரன் மாதிரி ஊளையிட்டுவிட்டு, “உஸ்தாத், மேசை வேணுமா?” என்றான். ஒரு சோளத்தைச் சும்மாவே கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். நல்ல மனிதன். பத்திரிகைகள் ஷாஹிந்தாவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடின. எனக்கு அவள் மேல் கோபமில்லை. வருத்தம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நாடகத்தை எடுத்துக்கொண்டாள், அது பரவாயில்லை. என் ஜனங்களை எடுத்துக்கொண்டாள்.

நேராகவே கேட்டுப் பார்த்தேன். “ஒரே ஒரு வியாழக்கிழமை பழைய முடிவைப் போடலாமா? ஜனங்க எதுக்கு அதிகமா சிரிக்கறாங்கன்னு பாத்துடலாமே.”

“வேண்டாம், உஸ்தாத். இப்பல்லாம் ‘திற’ன்னு குரல் குடுக்கற ஆளே கிடையாது. நான் உள்ளயே கிடந்து போய்ச் சேர வேண்டியதுதான்,” என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்த வார்த்தை அவள் சொன்னது, நான் சொன்னதில்லை. இதை எழுத்தர் குறித்துக்கொள்ளட்டும்.

அடுத்த வியாழக்கிழமை மதியம் குழுவினர் எல்லோரும் பக்கத்துத் தெருவுக்குக் கோஷரி சாப்பிடப் போயிருந்தார்கள். வயிறு சரியில்லை என்று நான் மட்டும் இருந்துவிட்டேன். பெட்டிக்குள் இருந்த கைப்பிடியைக் கழற்ற ஒரு திருப்புளி போதுமாயிருந்தது. என் எண்ணம் மிகச் சாதாரணமானது. கைப்பிடி இல்லையென்றால் அவளால் திறக்க முடியாது. நான்தான் திறக்க வேண்டும். சபை கேட்கும், நான் திறப்பேன், பழைய முடிவு தன்னால் வந்துவிடும். ஒரே ஒரு நாள்.

துளைகளையும் கேட்கிறீர்கள். அவற்றில் இருந்தது மூக்கு மெழுகு. ஹாஜிக்குப் பெரிய மூக்கு வேண்டும், அதனால் ஒப்பனை மேசையில் எப்போதும் ஒரு டப்பா வைத்திருப்பேன். மேடை விளக்கு துளை வழியாக உள்ளே விழுந்தால் அவளுக்குக் கண் கூசும் என்றுதான் அடைத்தேன்.

நீங்கள் எழுதச் சொல்லாமல் என்னையே பார்க்கிறீர்கள். சரி. கண் கூசுவதற்காக இல்லை. பழைய பெட்டியில் துளை கிடையாது. பழைய முடிவென்றால் முழுக்கப் பழையதாகவே இருக்க வேண்டும். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. நான் கவனமானவன்கூட. அடைத்த பிறகு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி உள்ளே வைத்து மூடினேன். வெளியே உட்கார்ந்து நிதானமாக ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்து திறந்தேன். அணைந்திருந்தது. பெட்டி நன்றாக மூடுகிறது என்று தெரிந்துகொண்டேன். மெழுகு வாசனை போவதற்காகக் கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து வைத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

அன்று மாலை கொட்டகை நிரம்பி வழிந்தது. நீங்கள்தான் கைப்பேசிகளில் எடுத்த படங்களைப் பார்த்திருக்கிறீர்களே. நான் நன்றாகச் செய்தேனா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். பெட்டிக்குள் போட்டு மூடினேன், கொக்கி விழுந்தது, ஏறி உட்கார்ந்தேன். அவள் வழக்கம்போல் தட்டினாள், சிரித்தார்கள். சைரன் வந்தது. நான் மேசைக்குப் போகவில்லை. சபையைப் பார்த்து, “ஊதட்டும், ஊதட்டும். எங்க வீட்டுல இருக்கற சைரனையே மூடி போட்டு அடக்கிட்டேன், இது என்ன பெரிசு,” என்றேன். எப்படிச் சிரித்தார்கள். பயூமி திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். உஸ்தாத் ஏதோ புதிதாகச் செய்கிறார் என்று சைரனை நிறுத்திவிட்டுக் கைகட்டி நின்றான். ஒழுங்கு தெரிந்தவன்.

அவள் கைப்பிடியைத் தேடினாள். தகட்டில் நகம் உரசுகிற சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. பிறகு தட்டினாள், வேறு மாதிரியான தட்டல். எனக்குத் தெரிந்த தட்டல்தான். நான் மேலிருந்து பதிலுக்குத் தட்டி, “யாரு? வீட்டுல யாரும் இல்லீங்க. ரேஷன் கார்டு இருக்கா?” என்றேன். படபடவென்று தட்டினாள். “இங்கிலீஷ்காரன் ரோந்து வந்தா மீன்னு சொல்லிடுங்க. புது மீன். பாருங்க, இன்னும் துள்ளுது,” என்றேன். முன்வரிசையில் ஒரு பருத்த மனிதர் சிரிப்பு தாங்காமல் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள், ஐயா. எனக்குக் கண் கலங்கியது.

ஃபிக்ரி மட்டும் நெருங்கி வந்து காதில் சொன்னான். “உஸ்தாத், என்னமோ சரியில்ல. எந்திரிங்க.”

நான் சபைப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னேன். “பாத்தீங்களா, என் வேலைக்காரனுக்கு என் பொண்டாட்டி மேல பாசம் பொத்துக்கிட்டு வருது.” அவன் முகம் சிவந்து பின்னால் போய்விட்டான். அவனைக் குற்றம் சொல்லாதீர்கள். உஸ்தாத் தன் வழியில் போகும்போது குறுக்கே வரக் கூடாது என்று அவனுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நான் காத்துக்கொண்டே இருந்தேன். “திற, ஹாஜி” என்று ஒரு குரல் வந்தால் போதும், அந்த நிமிஷமே எழுந்திருப்பேன். இடைவெளி விட்டுப் பார்த்தேன். “என்ன பண்ணலாம், சொல்லுங்க,” என்று வாய்விட்டே கேட்டேன். அவளே வெளியே வருவாள் என்று எல்லோருக்கும் தெரியும், பத்திரிகையில் படித்திருக்கிறார்கள். அதனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். யாரும் கேட்கவில்லை. தட்டல் மெல்ல மெல்லக் குறைந்தது. கடைசித் தட்டலுக்கு ஒரு வாக்கியத்தின் நடுவில் இடம் விட்டேன். அது சரியாக அந்த இடத்தில் வந்து விழுந்தது. அந்தக் கோடை முழுவதும் அவள் செய்ததிலேயே அதுதான் சிறந்தது.

அதற்குப் பிறகும் உட்கார்ந்திருந்தேன். விதை கொறித்தேன். ஏன் எழுந்திருக்கவில்லை என்றால், காட்சிக்கு ஒரு முடிவு வேண்டுமே. அவள் குரலிலேயே, “உங்க இஷ்டம், எஜமான்,” என்று நானே சொன்னேன். திரை விழுந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். திரைக்கு முன்னால் போய் வணங்கினேன். பாதிக் கைதட்டல் அவளுக்கு என்று காட்டப் பின்பக்கம் கையையும் நீட்டினேன், அது மரியாதை. பெட்டியைத் திறந்தது பயூமிதான். அவன் போட்ட சத்தம் கேட்டுத்தான் கைதட்டல் நின்றது.

விபத்து என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியிருக்கிறது என்பது தெரியும். வேண்டாம். நான்தான் செய்தேன், யோசித்துத்தான் செய்தேன். அவள் செத்துப்போவாள் என்று மெழுகுவர்த்தி அணைந்தபோதே எனக்குத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒருவர், ஒரே ஒருவர் கேட்டிருந்தால் திறந்திருப்பேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இனாயத்தும் இங்கே வந்து பேசிவிட்டுப் போனாளா?

ஆமாம், ஐயா. பால்கனியில் இருந்தாள். ஷாஹிந்தாதான் கூப்பிட்டிருக்கிறாள். தட்டல் மாறியவுடனே எழுந்து நின்று கத்தினாள். “திற, வகீஹ். அவ செத்துருவா. திறந்து விடு, வகீஹ்.” பக்கத்திலிருந்தவர்கள் அதுவும் நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்து அவளுக்கும் கைதட்டினார்கள். எனக்குக் கேட்டது. அந்தக் குரலை எனக்குத் தெரியாதா என்ன, எத்தனையோ நாள் மூடிக்குக் கீழேயிருந்து கேட்டதுதானே. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. ஹாஜி என்றுதான் கூப்பிட வேண்டும். அவள் என் பெயரைச் சொன்னாள்.

நீங்கள் முன்பு கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இனாயத் ஷாஹிந்தாவிடம் சொன்னது உண்மைதான். வீட்டில் சண்டை நடந்த நாட்களில் காட்சி நீண்டது. ஒரு தடவை அவளைத் தூக்கித்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் விழித்துத் தன் வசனத்தைச் சரியாகச் சொன்னாள். அன்று கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். இத்தனை வருஷம் கழித்து அதைப் பெரிய கொடுமை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவளை ஒவ்வொரு தடவையும் திறந்து விட்டேனே, ஐயா. நானும் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறேன், உங்கள் எழுத்தர் அதை மட்டும் எழுதிக்கொள்ளவே இல்லை.